திரும்பாத ஸ்டியரிங்

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் ஒருவர் காரைப் பிரித்துப் போடுகிறார் என்றால், அவர் ஊருக்குப் புதியவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டை குழம்பியவராக இருக்க வேண்டும். மான் வேட்டை தொடங்கும் நாள் அது. விடிவதற்கு முன்பே ஆண்கள் எல்லாரும், பெண்களில் பாதிப் பேரும், ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, மெக்கானிக் கடைக்குப் பூட்டு. மிச்சிகன் மாநிலத்தின் வடக்கு மூலையில் ஓடக்கூடிய வண்டி அத்தனையும் அன்றைக்குக் காட்டோரம் நிற்கும். அவசரத்துக்கு ஒரு நட் வேண்டுமென்றால் கேட்க நாதி கிடையாது.

வெர்னா லாட்டி இங்கேயே பிறந்து ஐம்பத்தெட்டு வயதானவள். மண்டை குழம்பியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுடைய கணவன் ஆர்விட்டுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் அவனை டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்து வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். செப்டம்பரில் தெற்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "உங்க பேரு மேல வந்திருச்சு, இனி எந்த நேரமும் கூப்பிடலாம்" என்று சொன்னாள். அன்றைக்குப் போனது வெர்னாவின் நிம்மதி.

அன்றே அவள் சட்டம் போட்டாள். துணிப்பை எப்போதும் கதவருகே இருக்க வேண்டும். காரில் பெட்ரோல் எப்போதும் முழுசாக இருக்க வேண்டும். கார் சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். காரில் யாரும் கைவைக்கக் கூடாது. "யாரும்னா நான்தானே, நேராச் சொல்லு" என்று ஆர்விட் கிண்டல் செய்தான்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். போன் மணி அடித்தால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஜன்னல் கண்ணாடி விற்கிறவர்கள். அவர்களுக்கு அவள் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இதற்கு நடுவில் கார் ஒழுக ஆரம்பித்தது. பதினெட்டு வருடத்துப் பழைய கார் அது. பவர் ஸ்டியரிங் எண்ணெய் பம்பிலிருந்து போகிற ஹோஸ் வழியாகச் சொட்டியது. காலையில் வண்டியை எடுக்கும்போது ஸ்டியரிங் கன்று ஈனும் மாடு போல முனகியது. வண்டி போன தடமெல்லாம் பனியில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. "அடிபட்ட மான் ஒண்ணு உன் வீட்டுல போய் ஒளிஞ்சிருக்கு போலயே" என்றாள் எதிர்வீட்டு ஐலீன். வெர்னா வாரம் ஒரு புட்டி எண்ணெய் ஊற்றினாள். குழாய் சொட்டியது, கொட்டகைக் கூரை சொட்டியது, கார் சொட்டியது. "இந்த வீட்டுல ஒழுகாதது நான் ஒருத்தன்தான்" என்றான் ஆர்விட். சொன்னது உண்மை. அவன் சிறுநீர் கழித்தே இரண்டு வருடமாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு அவள் சிரிக்கவில்லை.

வாங்கிய புது ஹோஸ் இரண்டு வாரமாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. வேட்டை தொடங்கிய காலையில் தூரத்துக் காட்டில் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆர்விட் சமையலறை ஜன்னலோரம் தலையில் ஆரஞ்சுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். அவன் எங்கும் போகவில்லை. வேட்டைக்காரர்கள் தங்கும் காட்டுக்குடிலில் போன் எடுக்காது என்பதால் தன் பிக்கப் வண்டியையும் அங்கே இருந்த தன் கட்டிலையும் தம்பி வெஸ்ஸுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தான். தொப்பியை மட்டும் விடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வெர்னாவால் முடியவில்லை. ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஹோஸை எடுத்தாள்.

"ஏம்மா, எங்க போற? வெஸ் ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிக் கொடுப்பான்ல?"

"ஒரு மணி நேர வேலை."

"காருல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு யாரோ சட்டம் போட்டாங்களே?"

"சட்டம் போட்டவளுக்கு அது கிடையாது. பேசாம மானைப் பாரு."

எங்கள் ஊர்ச் சாலைகளில் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டுவார்கள். வண்டிக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு நட்டும் துருவேறிச் செங்கல்லாகிவிடும். அதனால் இங்கே யாரும் நேராக ஸ்பேனரைப் போட மாட்டார்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள், மறுநாள்தான் தொடுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெர்னா எண்ணெயை அடித்தாள், காபி ஊற்றிக்கொண்டாள், பாதியைக் குடித்தாள், மீதியைப் பனியில் வீசிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

ஹோஸின் ஸ்டியரிங் பக்கத்து நட் சொன்னபடி கழன்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்தத் தைரியத்தில், வழியை மறைத்துக்கொண்டிருந்த இன்னொரு குழாயையும் பிடுங்கினாள். எண்ணெய் பம்புக்குத் திரும்பி வரும் சாதாரண ரப்பர்க் குழாய் அது. அதைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவில் இரண்டாக ஒடிந்தது. போகட்டும் என்று பம்ப் பக்கத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டு உடம்பு முழுக்கச் சாய்த்து அழுத்தினாள். நட் அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி அவள் விரல்முட்டியைத் தோலுரித்தது. குனிந்து பார்த்தால், ஆறு மூலை இருந்த நட் கோலிக்குண்டு போல உருண்டையாகிவிட்டிருந்தது. அதற்குமேல் அதைப் பிடிக்க எந்த ஸ்பேனராலும் முடியாது.

அந்த நேரம் பார்த்து ஐலீன் வந்தாள். கையில் துணி சுற்றிய தட்டு, உள்ளே மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி. புருஷன் போய்ப் பத்து வருடமான அவளுக்கு ஊர்க் கதை பேசுவதுதான் வேட்டை.

"என்னடி இது? ஊரே மானை உரிக்குது, நீ காரை உரிச்சுக்கிட்டிருக்க!"

"ஐலீன், இப்ப வாயை மூடிக்கிட்டு அந்த விளக்கைப் பிடி."

"எண்ணெய் அடிச்சு ஊறப் போட்டியா?"

"போட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

வெர்னா விளக்கை அவளுடைய மறு கையில் திணித்தாள். வீட்டுக்குள் போன் அடித்தது. வெர்னா ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடத் திரும்பினாள். அதற்குள் கதவு திறந்து ஆர்விட் வெளியே வந்தான். போனைத் தன் உடம்பிலிருந்து தள்ளியே பிடித்திருந்தான்.

"உன்கிட்டப் பேசணுமாம்" என்றான்.

அதே பெண் குரல். "மிஸஸ் லாட்டி, கிட்னி கிடைச்சிருக்கு. நல்லாப் பொருந்துது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவரை இங்க கொண்டு வந்துடணும். தாண்டிட்டா லிஸ்ட்ல அடுத்தவருக்குக் கொடுத்துடுவோம். எதுவும் சாப்பிடக் கொடுக்காதீங்க. வண்டி தயாரா இருக்குல்ல?"

வெர்னா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் சிவப்பு எண்ணெய். எதிரே பானட் வாயைப் பிளந்து நின்றது.

"தயாரா இருக்கு" என்றாள்.

ஐந்து மணி நேரப் பாதை. அப்போது மணி பதினொன்றரை.

ஐலீன் பாஸ்டித் தட்டைப் பனியில் வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். வெஸ்ஸைக் கூப்பிட்டாள், காட்டுக்குள் மணியே போகவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். மரத்தில் கட்டிய பரணிலிருந்து வேட்டைக்காரன் ஒருவன் விழுந்துவிட்டானாம், இருக்கும் ஒரே வண்டி அவனைத் தூக்கப் போயிருக்கிறதாம், வர இரண்டு மணி நேரமாகுமாம். ஐலீனின் காரைப் பேரன் ஓட்டிக்கொண்டு போயிருந்தான். "என்கிட்ட பனி தள்ளுற டிராக்டர்தான் இருக்கு. அதுல போனா கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரலாம்" என்றாள்.

வெர்னா டயரை உதைத்தாள். இரண்டாவது முறை உதைத்தாள். தன்னையே உதைக்க முடியாததால் டயரை உதைத்தாள். இரண்டு மாதம் கட்டிக் காத்த காரை, தேவைப்பட்ட நாளில், தன் கையாலேயே முடமாக்கி வைத்திருக்கிறாள். வேறு யார் செய்திருந்தாலும் கழுத்தை நெரித்திருப்பாள்.

"விடு வெர்னா" என்றான் ஆர்விட். "அடுத்தது வரும்."

அவன் அதை மெதுவாக, நல்லவிதமாகச் சொன்னான். ரொட்டி கருகினாலே வீட்டை இரண்டாக்குகிறவன் அவன். அந்தச் சாந்தம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"எப்ப வரும்? உன் கருமாதிக்கு வருமா? உள்ள போ. செருப்பைக் கழட்டிட்டு பூட்ஸை மாட்டு. போ!"

மறுபடி எஞ்சினுக்குள் குனிந்தாள். பழைய ஹோஸ் அந்த உருண்டை நட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனை பம்போடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது, மறு முனை காற்றில் ஆடுகிறது. அதையே பார்த்தபடி நின்றாள். பவர் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் திரும்பும், கைதான் போகும். பிரச்சினை பம்ப். எஞ்சினின் ஒரே பெல்ட்தான் அதையும் சுற்றுகிறது. எண்ணெய் இல்லாமல் சுற்றினால் பம்ப் இறுகிப் பெல்ட்டை அறுத்துவிடும், அறுந்தால் கார் நடுவழியில் நின்றுவிடும். ஆனால் பம்புக்கு எண்ணெய் எங்கே போகிறது என்று தெரியவா போகிறது? ஸ்டியரிங்குக்கு அனுப்பாமல், அது விடுகிற எண்ணெயை அதன் வாயிலேயே ஊற்றிக்கொள்ளட்டுமே.

"ஐலீன், ரம்பத்தை எடு."

ஹோஸின் ரப்பரை நடுவில் அறுத்தாள். பம்பில் ஒட்டியிருந்த துண்டை வளைத்து, திரும்பு குழாய் இருந்த மூக்கிலேயே செருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்ற முடியாத அந்த நட் இப்போது கழலவே வேண்டியதில்லை.

"ஒரு கிளாம்ப் வேணும். இது ஒடிஞ்சுபோச்சு. இல்லன்னா பிடுங்கிக்கும்."

"என்ன கிளாம்ப்?"

"குழாயை இறுக்குற வளையம். உன் துணி துவைக்கிற மிஷின்ல இருக்குமே, அந்த மாதிரி."

ஐலீன் எழுபது வயதுக்காரி. அவள் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது கையில் கிளாம்ப், முழங்கால் வரை ஈரம். "கீழ்த்தளமெல்லாம் சோப்புத் தண்ணி. நீ மாட்டு" என்றாள்.

மாட்டினாள். ஸ்டியரிங் பக்கம் திறந்து கிடந்த துளைகளில் கந்தலைத் திணித்து நாடாவைச் சுற்றினாள். இருந்த எண்ணெயை ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பம்ப் முனகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். கிணற்று மூடியைத் திருகுவது போல இருந்தது.

"திரும்புமா இது?" என்றாள் ஐலீன்.

"நான் திருப்புவேன்."

ஆர்விட்டை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்ததும் பரவாயில்லை. வேகத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் இளகியது. ஏரிக்கரை வளைவுகளில்தான் உயிர் போனது. ஒவ்வொரு வளைவுக்கும் சீட்டிலிருந்து எழும்பி, இரண்டு கையாலும் தொங்கினாள். உரிந்த விரல்முட்டியிலிருந்து ரத்தம் கசிந்தது. ஆர்விட்டின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள், அதை அழுத்தக் கூடாது. வலது கையை நீட்டினான், தட்டிவிட்டாள். சாலையோரமெல்லாம் நின்ற பிக்கப் வண்டிகளில் மான்கள் கட்டிக் கிடந்தன. வழக்கமாக அவன் கொம்பை எண்ணுவான். அன்றைக்கு எண்ணவில்லை.

பாதி தூரம் வந்த பிறகு அவன் பேசினான்.

"அந்த ஹோஸ் கழண்டு தொங்கினதைப் பாத்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"என்னை வெட்டிப்போடலாம்னு இருந்திருக்கும்."

"அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இருக்கு வெர்னா. அந்த மேசையில படுத்தா எந்திரிப்பேனான்னு தெரியல. மிஷின்ல மாட்டிக்கிட்டே இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டிடலாம். அது பழகிப்போச்சு. இது…" நிறுத்தினான். "திரும்பிப் போயிடலாமா? வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் எழும்பித் தொங்கி ஒரு வளைவைக் கடந்தாள்.

"இந்தக் காரையா?" என்றாள். "இதைத் திருப்பச் சொல்றியா? ஏய்யா, லேசா வளையுறதுக்கே தோள்பட்டை கழண்டுக்குது. முழுசாத் திருப்பினா நான் நடுரோட்டுலயே செத்துடுவேன். வேணும்னா நீ இறங்கி நடந்து போ. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நீ எதுக்கு?"

"வந்த கிட்னிய வேஸ்ட் பண்ண முடியுமா? நான் வச்சுக்கறேன்."

ஆர்விட் சிரித்தான். சிரிப்பு ஆரம்பித்தது எங்கோ, முடிந்தது எங்கோ. ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றாள் வெர்னா. "ரெண்டு மாசமாத் தூக்கமில்ல. போன் வருமான்னு பயம், வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாமத்தான் இந்தக் கழுதையைப் பிரிச்சேன். நீ செத்தா நான் யாரோட சண்டை போடுவேன்? ஐலீனோடயா?"

அடுத்த வளைவில் அவன் வலது கை வந்து ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தது. அவள் இழுத்தாள், அவன் தள்ளினான். இந்தத் தடவை அவள் தட்டிவிடவில்லை.

நகரத்துக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் அவள் கெட்ட வார்த்தை சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். நர்சுகள் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிப் போனார்கள். தொப்பி அவள் கையில் தங்கிவிட்டது.

கார் வாசலில் குறுக்கே நின்றது. காவலாளி வாலிபன் ஒருவன் வந்து, "மேடம், வண்டியைக் கொஞ்சம் நேரா நிறுத்துங்க" என்றான். வெர்னா அவனுக்குத் தன் கைகளைக் காட்டினாள். விரல்கள் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன, நீட்ட வரவில்லை. சாவியை அவனிடம் நீட்டி, "நீ நிறுத்து" என்றாள். அவன் உட்கார்ந்து திருப்பினான். முகம் சிவந்தது. இன்னொரு முறை திருப்பினான். இறங்கி வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதையா ஓட்டிக்கிட்டு வந்தீங்க? எங்கிருந்து?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். காரைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் காலையில் அவளை உள்ளே விட்டார்கள். ஆர்விட் கண்ணை மூடிக் கிடந்தான், முகத்தில் ரத்தமோட்டம் இருந்தது. உடம்பில் எத்தனையோ குழாய்கள். பழக்கதோஷம், ஒவ்வொன்றாக எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. மேலேயிருந்த குழாயிலிருந்து அதற்குள் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெர்னா" என்றான் ஆர்விட். கண் திறந்திருந்தது. குரல் கரகரத்தது. "பாத்தியா? நானும் ஒழுகுறேன்."

"ஸ்பேனர் கொண்டு வரவா?"

"கை வச்சுப் பாரு, தெரியும் சேதி."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீட்ட வராத கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாடு கொண்டுவந்த நர்ஸ், வெளியே போய்க் காலாற நடந்துவிட்டு வரச் சொன்னாள். வேண்டாம் என்றாள் வெர்னா. அந்தப் பை நிரம்பும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.